சடங்கு வாரத்துச் சலாது

வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்குக்குக் கோவில் கதவு திறந்துவிட்டால், கடைசி நாள் அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தி பாடி முடியும்வரை கல்லடியில் எங்கள் பக்கத்து வீடுகளில் தாளிக்கக் கூடாது, பொரிக்கக் கூடாது, வறுக்கக் கூடாது. அந்த மணம் அம்மாளுக்கு ஆகாது, மீறினால் மேலெல்லாம் கொப்புளம் போடும் வைசூரி வரும் என்பார்கள். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். இப்படிச் சொல்லிக் கேட்டவற்றை அப்படியே நம்பிப் பயப்படுவேன். எண்ணெய்ச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து அதன்மேல் ஒரு சுளகையும் மூடி வைப்பேன். தூக்கக் கலக்கத்தில் நானே எடுத்து அடுப்பில் வைத்துவிட்டால் என்ன செய்வது?

அந்த வருடம் சடங்குக்கு வவுணதீவிலிருந்து என் வீட்டுக்காரரின் அக்கா வந்திருந்தார். எனக்கு மச்சாள் முறை. கலியாணம் முடித்து ஏழு வருடம் பிள்ளை இல்லாமல் இருந்து, அம்மனுக்கு நேர்த்தி வைத்து, ஒரு பெண்பிள்ளை பிறந்திருந்தது. அந்த நேர்த்திக்காகக் கடைசி நாள் அம்மன் வாசலில் அவர் தன் கையால் பொங்க வேண்டும். புதுப்பானையும் தங்கள் வயல் அரிசியும் கொண்டுவந்திருந்தார்.

மச்சாளுக்கு வாய் ருசி வேண்டும். மூன்றாம் நாள் காலையில் சொன்னார்:

"இந்தத் தாளிக்காத வெள்ளைக் கறியத் திண்டு திண்டு எனக்கு நாக்கே வெளுத்துப் போச்சு கா."

என் வீட்டுக்காரர் பட்டணத்தில் ஒரு துரையின் பங்களாவில் சமையல் செய்யும் கோக்கியாக இருந்தார். வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டே அவர் ஒரு யோசனை சொன்னார்.

"சலாது செய்து குடு. அடுப்பே வேணாம். துரைசாணி கிழமைக்கு மூண்டு நாள் அதத்தான் சாப்பிடுறா. பச்சை இலை, பழம், கொட்டை. தேசிக்காய்ப் புளி விட்டுப் பிரட்டுறது."

"இலையா?" என்றார் மச்சாள். "தம்பி, வெள்ளைக்காரிக்குப் புல்லு அறுத்துப் போட்டா நீ சம்பளம் வாங்குறாய்?"

"ஓம் அக்கா. இன்னும் பால் கறக்கத்தான் விடல."

பங்களாவுக்குச் சலாது இலை மலைநாட்டிலிருந்து ரயிலில் கூடையில் வரும். எங்களிடம் கிணற்றடி வல்லாரையும் பொன்னாங்காணியும்தான் இருந்தன. சம்பலுக்கு அரிவதுபோல் அரியக் கூடாது, கையால் கிள்ள வேண்டும், உப்பும் புளியும் சாப்பிட உட்காரும்போதுதான் சேர்க்க வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். வேகாத இலை வயிற்றுக்குள் போனால் புழு வைக்குமோ என்று உப்புத் தண்ணீரில் இரண்டு தரமும் வெறுந்தண்ணீரில் நாலு தரமும் அலசினேன். ஒரு கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் அரை அன்னாசியும் வெட்டினேன்.

கொட்டைதான் யோசனையாக இருந்தது. வளவில் மரமுந்திரி காய்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. பங்களாவில் பருப்பை வறுத்துப் போடுவார்கள். சடங்கு நாளில் நான் எப்படி வறுப்பது? இதைக் காலையிலேயே அவரிடம் கேட்டிருந்தேன்.

"அப்ப பச்சையாப் போடு. சலாதெண்டா எல்லாம் பச்சைதானே" என்றுவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

பச்சைக் கொட்டையை வெட்டிப் பருப்பெடுப்பது எங்களுக்குப் புதிதல்ல. தேங்காய்ப்பாலில் அவித்துக் கறி வைப்போம். ஓட்டிலிருந்து கசியும் பால் பட்டால் தோல் வெந்துவிடும் என்பதால் கையில் தேங்காயெண்ணெய் பூசி, சாம்பல் தொட்டுக்கொண்டுதான் வெட்டுவோம். பருப்பில் ஒட்டியிருக்கிற கொஞ்சப் பால் கறி கொதிக்கும்போது போய்விடும். கொதிக்க வைக்காவிட்டால் அது எங்கே போகும் என்று, எல்லாவற்றையும் யோசிக்கிற நான் அன்றைக்கு யோசிக்கவில்லை. என் பயம் எல்லாம் அடுப்பைப் பற்றியே இருந்தது. தணல் சூட்டில் கொட்டை வாடி மணம் கிளம்பிவிடுமோ என்று கடகத்தைக் கிணற்றடிக்குத் தூக்கிக்கொண்டு போய் அங்கே இருந்து வெட்டினேன். பருப்பை ஒரு தரம் கழுவி இலையோடு போட்டுப் பிரட்டினேன்.

மச்சாள் முதலில் ஒரு இலையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு பருப்புகளைத் தேடித் தேடிப் பொறுக்கித் தின்றார்.

"துரைசாணி விசரி இல்ல கா" என்றார் கடைசியில்.

எனக்கு அடியில் கிடந்த இலையும் பழமும்தான் கிடைத்தன. வீட்டுக்காரர் பங்களாவில் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

மறுநாள் விடிந்தபோது மச்சாளின் உதடு தடித்து, வாயைச் சுற்றிச் சின்னச் சின்னக் கொப்புளங்கள் போட்டிருந்தன. அடுத்த நாள் பொங்கல். பக்கத்து வளவு மாமி சுளகு கேட்டு வந்தவர், முகத்தைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அம்மாள் பாத்திருக்கா" என்றார் மெல்ல, வைசூரியைப் பெயர் சொல்லாமல். போய் வேப்பிலை ஒடித்துவந்து எங்கள் வாசல் படலையில் செருகினார். இனி ஊர்த் தலைவரான விதானையாருக்குச் சொல்ல வேண்டும். அவர் ஆட்களை அனுப்புவார். வைசூரி கண்டவர்களைத் தோணியில் ஏற்றி வாவிக்கு அந்தப் பக்கம் ஒரு கொட்டிலில் கொண்டுபோய் வைப்பது அப்போதைய வழக்கம்.

மச்சாள் சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அறைக்குள் இருந்தார்.

"அப்ப நாளைக்கு எனக்குப் பொங்கல் இல்லையா?" என்று மட்டும் கேட்டார்.

நான் என் விரல்களைப் பார்த்தேன். பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் தோல் கறுத்து வெடித்திருந்தது. அவை முதல்நாள் பின்னேரத்திலிருந்தே எரிந்துகொண்டிருந்தன. எது என்ன என்று எனக்கு விளங்கிவிட்டது. சொன்னால், புருசனின் அக்காவுக்கு நேர்த்தி நாளில் விசம் வைத்தவள் என்று பெயர் வரும். சொல்லாவிட்டால் மச்சாள் தோணியில் போவார். உண்மையிலேயே அம்மாளாக இருந்து, நான் முந்திரிப்பால் என்று சொல்லிவிட்டால் அது இன்னும் பெரிய குற்றமாகாதா? பெருக்கிய முற்றத்தையே திரும்பத் திரும்பப் பெருக்கினேன். மாமி சீலையைச் சரிசெய்துகொண்டு விதானையார் வீட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கியபோதுதான் எனக்கு வாய் வந்தது.

"மாமி, நில்லுங்க. அது அம்மாள் இல்ல. முந்திரிப் பால். நான் பச்சைப் பருப்புக் குடுத்துட்டன்."

கையை நீட்டிக் காட்டினேன். மாமி கிட்டே வராமல் எட்டிப் பார்த்தார். மச்சாள் தலைப்பை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"ஏன் கா, எனக்கு விசம் வைக்க உனக்கு வேற நாளே கிடைக்கலையா?"

"நான் வறுத்துப் போடுறதெண்டுதான் சொன்னனான்" என்றார் வீட்டுக்காரர், சைக்கிளைப் பிடித்தபடி.

"பச்சையாப் போடச் சொன்னீங்க."

அவர் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டுக் கோவிலுக்குப் போய்க் கட்டாடியாரை அழைத்துவந்தார். அம்மனுக்குப் பூசை செய்கிறவர் அவர். நேர்த்திக்காரி வாசலுக்கு வரலாமா கூடாதா என்பது அவர் சொல்லில்தான் இருந்தது. மச்சாளுக்குக் காய்ச்சல் உண்டா, மேலில் வேறெங்கும் புள்ளி உண்டா என்று கேட்டார். இல்லை என்றோம். என் விரல்களை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டச் சொன்னார்.

"கொட்டைய வறுத்தியா?"

"இல்ல."

"தணலில வாட்டினாயா? பொய் சொல்லாத."

"கிணத்தடியில வச்சித்தான் வெட்டினன்."

"அப்ப குத்தம் இல்ல. நாளைக்குப் பொங்கட்டும்."

மச்சாளின் உதட்டைப் பற்றி அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. போகிற வழியில் படலையிலிருந்த வேப்பிலையைத் தானே பிடுங்கிப் போட்டார்.

எனக்கு அதன் பிறகும் மனம் ஆறவில்லை. ஏதோ சாட்டில் மச்சாளின் கையையும் கழுத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"இன்னும் எங்க கா பாக்கப் போறாய்?" என்று அவர் கேட்ட பிறகுதான் விட்டேன்.

மறுநாள் கோவில் வாசலில் பத்துப் பதினைந்து பானைகள் வரிசையாக இருந்தன. எங்கள் அடுப்புக்கு இரண்டு பக்கமும் பெண்கள் கொஞ்சம் தள்ளியே கல் வைத்திருந்தார்கள். பால் பொங்கி வரும்போது பொங்குகிறவள் குரவை இட வேண்டும். மச்சாள் தலையை நிமிர்த்தி வாயைக் குவித்தார். தடித்த உதடு குவியவில்லை, காற்றுத்தான் வந்தது. பால் பானையின் விளிம்புக்கு வந்துவிட்டது. முழங்கையால் என்னை இடித்தார்.

"நீ இடு. வாயக் கெடுத்தது நீதானே."

கூட்டத்தோடு சேர்ந்து இட்டிருக்கிறேனே தவிர, தனியாக நான் அதுவரை குரவை இட்டதில்லை. பிழைத்தால் யாருக்கு ஆகாது, அவருக்கா, பிள்ளைக்கா என்று யோசிக்க நேரமும் இல்லை. முதல் தரம் தொண்டையிலேயே உடைந்தது. மச்சாள் பானையிலிருந்து கண்ணை எடுக்காமல், இன்னும் என்று கையைக் காட்டினார். இரண்டாவது தரம் கொஞ்சம் எடுபட்டது. மூன்றாவது தரம் பக்கத்து அடுப்புப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். பால் வழிந்து கல்லில் சிந்த, மச்சாள் அரிசியை அள்ளிப் போட்டார்.