பதினாறு அடி என்று அப்பா சொன்ன படகு

இன்று அப்பாவுடன் கிள்ளானில் படகு இஞ்சின் விற்கும் கடைக்குப் போனேன். எங்கள் சிறிய மீன்பிடிப் படகின் பழைய இஞ்சின் போன வாரம் நடு ஆற்றில் நின்றுவிட்டது.

கடைக்காரர் சீனர், தமிழ் பேசுவார். “படகு எத்தனை அடி, பாஸ்?” என்று கேட்டார்.

“பதினாறு,” என்றார் அப்பா.

பன்னிரண்டுதான். சாயம் அடித்தபோது அளந்தவளே நான். ஆனால் அப்பாவின் கூட்டாளிகள் எல்லாரும் இருபத்தைந்து ஹார்ஸ்பவர் இஞ்சின் வைத்திருக்கிறார்கள்; அது பெரிய படகுக்குத்தான் பொருந்தும்.

“அப்பா, நம்ம படகு பன்னிரண்டு அடிதானே?”

கடைக்காரர் அப்பாவைப் பார்த்தார். “அப்படின்னா எட்டு ஹார்ஸ்பவர் போதும்லா. பெரிசு வச்சா பின்பக்கம் அமுங்கும், தண்ணி உள்ள வரும்.”

“புத்தகம் படிக்கிற பிள்ளை, அதுக்கு என்ன தெரியும்? இருபத்தஞ்சே குடுங்க பாஸ். மெதுவா ஓட்டிக்கிறேன்.”

இருபத்தைந்தோடுதான் வீடு வந்தோம். இஞ்சினை இறக்கி வைத்த பிறகு அப்பா சொன்னார்.

“ஞாயித்துக்கிழமை நீயும் வா. நீ முன்னால ஒக்காந்தா பின்பக்கம் அமுங்காது.”

அப்படியென்றால் கடைக்காரர் சொன்னது அவருக்கும் நன்றாகவே புரிந்திருக்கிறது. அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

எனக்கு நீந்தத் தெரியாது. என் எடையும் நாற்பது கிலோவைத் தாண்டாது. என்னைவிடக் கனமான தோழிகள் யாராவது ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்கிறீர்களா?