குண்டானை நாலால் வகுத்தேன்

எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கு நான் எடுத்த தலைப்பைச் சொன்னால் ஹாஸ்டலே சிரிக்கும். கீரை, வெங்காயம், டீ இதிலெல்லாம் இருக்கிற ஃப்ளேவனாய்டு என்ற பொருள் ஒரு ஆளுக்குள் ஒரு நாளைக்கு எவ்வளவு போகிறது? அதை அளக்கத் திருப்பதியிலிருந்து பஸ் பிடித்து, விஜயபுரம் பக்கம் முப்பது வீடு தராசோடு அலைந்தேன்.

வழி ரொம்ப சிம்பிள். சமைத்ததும் குண்டானை எடை போடு. எல்லோரும் சாப்பிட்டதும் மறுபடி போடு. குறைந்ததைத் தலைக்கு இவ்வளவு என்று வகு. நடுவில் நான் டீக்கடையில் போன் நோண்டிக்கொண்டிருப்பேன்.

முப்பதாவது வீட்டில் மழை பிடித்துக்கொண்டது. வெளியே போக முடியவில்லை, சுவரோரமாக உட்கார்ந்தேன். முருங்கைக்கீரைப் பொரியல். வீட்டுக்காரர் சாப்பிட்டார், இரண்டு பையன்களும் சாப்பிட்டார்கள், மறுபடி கேட்டார்கள். குண்டான் காலி. கடலைக்காட்டு வேலைக்குப் போய்வந்த அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், அந்தக் குண்டானிலேயே சோற்றைப் போட்டு வழித்துச் சாப்பிட ஆரம்பித்தார்.

"அக்கா, உனக்குக் கீரை?"

"அதான் துன்னுகினு கீறனே. கண்ணு தெர்லியா?"

"அது வழிச்ச குண்டான்க்கா."

"தெனம் இப்டிதான். எந்தூட்லதான் பொம்பள மொதல்ல துன்றா?"

பெரியவன் கை கழுவிக்கொண்டே, "எம்மா, வுட்டா சார் உன்னயும் தராசுல ஏத்திடுவாரு!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும்தான்.

மழை விட்டது. வாசல்வரை வந்த அக்கா குரலைத் தாழ்த்தினார்.

"நர்சம்மா ரத்தம் கம்மி, கீரை துன்னுன்னு திட்டுது தம்பி. துன்றேன்னு சொல்லி வெச்சிகீறேன். நீ நாலு பேருக்கும் சமமாவே எய்திடு. அவரு காதுல வுயுந்தா, வெளியாளுகிட்ட ஊட்டுக்கதய சொன்னியான்னு குதிப்பாரு."

பஸ்ஸில் ஃபாரத்தை விரித்தேன். பேனா அக்காவின் கட்டத்துக்கு மேலேயே நின்றது. பூஜ்யம் போட்டால் இந்த ஒரு வீட்டோடு முடியாது. மற்ற இருபத்தொன்பது வீட்டிலும் பெண்கள் சாப்பிட உட்கார்ந்தபோது நான் டீக்கடையில் இருந்தேன்.

ப்ராஜெக்ட் கைடு மேடம் போன் செய்தார். "டேட்டா ரெடியா? ரேப்பு இச்சேயாலி." நாளைக்கே கொடுத்தாக வேண்டுமாம்.

"ரெடி மேடம்."

நாலால் வகுத்து எழுதினேன். அக்கா கேட்டுக்கொண்டதால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திருப்பதி வரும்வரை சொல்லிக்கொண்டே இருந்தேன்.

மார்க் நன்றாகவே வந்தது. அந்த ஃபாரத்தில் அக்கா இன்னும் தினமும் ஒரு கரண்டி கீரை சாப்பிடுகிறார்.