கூப்பிடு தூரத்தில் வெளியும் காலமும்

செஞ்சிக்கு எல்லோரும் கோட்டை ஏறப் போவார்கள். போன மாசியில் நான் போனது என் மனைவி மேடையில் பேசுவதைக் கேட்க. கோட்டையும் ஏறினேன், அந்த விவரமும் கீழே இருக்கிறது. பெருமை அடித்துக்கொள்ளாமல் எழுதத்தான் பார்த்தேன், முடியவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

பூங்கொடி, செஞ்சிக்குப் பக்கத்தில் சிங்கவரத்துப் பெண். குவாண்டம் ஈர்ப்பில் ஆராய்ச்சி செய்கிறாள். நாம் நடமாடும் வெளியும் ஓடுகிற காலமும் எதிலிருந்து உண்டாகின்றன என்பது அவள் கேள்வி. அவள் அப்பா ஏழுமலை, என் மாமனார், குத்தகை நிலத்தில் மல்லாட்டை போடுகிறவர். உங்கள் ஊரில் அது நிலக்கடலை. "உம் பொண்ணு இன்னா வேல பாக்குது?" என்று யாராவது கேட்டால், "பெரிய படிப்பு" என்று முனகிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார். டாக்டரா, கலெக்டரா என்று அடுத்த கேள்வி வந்தால் அவருக்கு முகம் வாடிப்போகும். பூங்கொடிக்கு இது பல வருட மனக்குறை. செஞ்சியில் ஒரு வாசகர் வட்டம் தமிழில் பேசக் கூப்பிட்டதும் உடனே சரி என்றாள். "ஊருக்குப் புரியாட்டிப் போவுது, நைனாவுக்குப் புரியணும்" என்றாள்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளாம்பாக்கத்தில் பேருந்து. திண்டிவனத்தில் இறங்கி இட்லி சாப்பிட்டுவிட்டு வண்டி மாறினோம். அங்கிருந்து செஞ்சி முப்பது கிலோமீட்டருக்குள்தான். ஊர் நெருங்கும்போது பாறைகளைக் கொட்டிக் குவித்த மாதிரி மலைகள் தெரியும், ஜன்னல் இருக்கை பிடித்துக்கொள்ளுங்கள். நடத்துநர் எங்கள் பைகளைப் பார்த்துவிட்டு, "கோட்டைக்கா சார்? இப்பவே போய்டுங்க, வெயில் ஏறிட்டா பாறை சுடும்" என்றார். கேட்டோம், பிழைத்தோம்.

கோட்டைக்கு நுழைவுச்சீட்டு இருபத்தைந்து ரூபாய். ராஜகிரிப் படிகளில் மூச்சு வாங்கிக்கொண்டே பூங்கொடி எனக்குப் பேச்சை ஒத்திகை பார்த்தாள். "மதில் எல்லா மலையையும் சேத்த பின்னாடிதானே 'கோட்டைக்குள்ள'ன்னு ஒரு எடமே வந்துது? அது எந்தக் கல்லுலயும் இல்ல. வெளியும் அப்டித்தான், வேற எதோ சேர்றதுனால வருது." அடடா, இதைவிட நல்ல உதாரணம் கிடையாது என்று நினைத்தேன்.

சாயங்காலம் சின்னக் கல்யாண மண்டபம் ஒன்றில் கூட்டம். மாமனார் வெள்ளைச் சட்டை போட்டு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். பூங்கொடி "மூணு மலையையும் மதில் இணைக்குது" என்று ஆரம்பித்ததுதான் தாமதம், மிக்ஸி ரிப்பேர் கடைக்காரர் ஒருவர் எழுந்தார்.

"மூணு இல்லம்மா, நாலு. அந்தச் சின்ன மலைய உட்டுட்டியே."

"அதெல்லாம் கணக்குலயே வராதுப்பா" என்றார் பின்னால் இருந்தவர்.

அப்புறம் எந்த மதிலை எந்த ராஜா கட்டினான் என்று பத்து நிமிடம் சண்டை. செஞ்சிக்காரர்களிடம் போய்க் கோட்டையை உதாரணம் காட்டலாமா? மாமனார் தரையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

பூங்கொடி படம் காட்டும் திரையை அணைத்தாள். நேராக அவரைப் பார்த்தாள்.

"நைனா, நம்ம மல்லாட்டக் கொல்லை வூட்டுலேர்ந்து எவ்ளோ தூரம்?"

சபையில் தன்னைக் கேட்பாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. "கூப்புடு தூரம்" என்றார்.

"மோட்டார் கொட்டாய்?"

"அதுவும் கூப்புடு தூரந்தான். எதுர்காத்து அடிச்சா கேக்காது."

மண்டபம் சிரித்தது. பூங்கொடியும் சிரித்துவிட்டுச் சொன்னாள்: "மீட்டர், அடி எதுவும் சொல்லல பாருங்க. நல்லா கேட்டா கிட்ட, லேசா கேட்டா தூரம். யார் குரல் யாருக்கு எவ்ளோ கேக்குதுன்னு மட்டும் சொல்லுங்க, நான் ஊரோட படத்தையே வரஞ்சிடுவேன். எங்க வேலையும் அதான். அணுவுக்கும் அடியில, எடம்னு ஒண்ணு வர்றதுக்கு முன்னாடியே, ஒரு தொடர்பு இருக்குதுன்னு நெனைக்கிறோம். குவாண்டம் பின்னல்னு பேரு. பின்னல் கெட்டியா இருந்தா கிட்ட, தளந்தா தூரம், மொத்தமா அறுத்துட்டா எடமே ரெண்டா பிஞ்சிடும். தொடர்பு மொதல்ல. எடம் அப்பறந்தான்."

மிக்ஸிக்காரர் மெல்ல உட்கார்ந்தார். முன்வரிசைப் பெண் ஒருவர், "அப்ப நேரம்? அது எங்கேர்ந்து வருது?" என்று கேட்டார்.

"அது இன்னும் சிக்கல்க்கா. யாருக்கும் சரியா தெரியாது. எடத்தப் பத்தி நான் சொன்னதே இன்னும் முடிவாகல. அதுக்குத்தான் வேல செய்யறோம்."

அத்தனை பேர் முன்னால், அதுவும் சொந்த ஊரில், தெரியாததைத் தெரியாது என்று நிமிர்ந்து சொன்னாளே, அப்போது இவள் என் மனைவி என்று எழுந்து கத்தலாம் போலிருந்தது. மாமனார் கைதட்டவில்லை. சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார். புரிந்ததா இல்லையா என்று பூங்கொடிக்கு இரவெல்லாம் கவலை. கேட்கவும் பயம்.

போகிறவர்களுக்கு: ராஜகிரிக்குக் காலையிலேயே ஏறிவிடுங்கள், மதியத்துக்கு மேல் விடமாட்டார்கள். தண்ணீர் இரண்டு பாட்டிலாவது வேண்டும். தின்பண்டத்தைக் கையில் வைத்திருந்தால் அது குரங்குக்குத்தான். சிங்கவரம் செஞ்சியிலிருந்து நாலு கிலோமீட்டர் இருக்கும், ஷேர் ஆட்டோ உண்டு. குடைவரைக் கோயிலில் பள்ளிகொண்ட பெருமாளைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். செஞ்சிக்காரர்களிடம் மட்டும் கோட்டையைப் பற்றி வாய் விடாதீர்கள்.

மறுநாள் காலை சிங்கவரம் டீக்கடையில் பேருந்துக்குக் காத்திருந்தோம். கடைக்காரர் பூங்கொடியைப் பார்த்துவிட்டு மாமனாரிடம் கேட்டார்: "பொண்ணு எதோ பெரிய வேலைன்னாங்க. கலெக்டரா?"

பூங்கொடி டம்ளரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். மாமனார் டீயைக் குடித்து முடித்தார். பேச்சை மாற்றவில்லை.

"கலெக்டரு இருக்குற எடத்தப் பாத்துக்குவாரு. எம் பொண்ணு, அந்த எடமே எங்கேர்ந்து வந்துதுன்னு பாக்குது" என்றார். "இன்னும் முடிவாகல. வேல நடக்குது."