சிஸ்டரிடம் மட்டும் சொன்னது

அவளை எல்லோரும் துணியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கன்னியர் நடத்திய அந்த இல்லத்தில், தெருவில் கிடந்து வருகிறவர்களுக்குக் குளிக்க வெந்நீரும் ஒருவேளைச் சாப்பாடும் மாற்றுத்துணியும் உண்டு. மாற்றுத்துணி அவள் பொறுப்பு. மூட்டை மூட்டையாக வந்து விழும் பழைய துணிகளை உதறி, துவைத்து, பொத்தான் தைத்து, அளவு பார்த்து அடுக்குவாள். கிழிசல் ஒன்றுகூட அவள் கையைத் தாண்டி வெளியே போகாது. "இல்லாதவங்கன்னா கிழிஞ்சது போதுமா?" என்பாள். ஆளைப் பார்த்த மாத்திரத்தில் இடுப்பளவு சொல்லிவிடுவாள். சமையற்காரம்மா மட்டும், "என்னைப் பாத்துச் சொல்லித் தொலைக்காத தாயே" என்று நழுவிவிடுவாள்.

இருபது வருடத்துக்கு முன் கைக்குழந்தையோடு அதே வாசலில் வந்து நின்றவள்தான் அவளும். மூத்த சிஸ்டர் அன்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அதனால்தான் பல வருடம் கழித்து, ஒரு மழை நாள் மதியம் பொத்தான் தைத்துக்கொண்டே, சிஸ்டரிடம் தானாக வாய் திறந்தாள். புருஷன் சாகவில்லை. இவள் கூடப்பிறந்த தங்கையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். பதினோரு நாள் பஸ் நிலையத்தில் குழந்தையோடு கிடந்தாள். மகளிடம் அப்பா செத்துவிட்டார் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறாள். சிஸ்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இது என்னோட இருக்கும்மா" என்றார்.

இல்லத்துக்கு வெள்ளிவிழா வந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வாசலில் விழா மலர் கொடுத்தார்கள். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகள் அதைப் புரட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

"அம்மா, எனக்குச் சித்தி இருக்காங்களா?"

ஊசியோடு குனிந்திருக்கும் துணியக்காவின் முகம் மலரில் ஒரு பக்கம் முழுக்க இருந்தது. மேலே கொட்டை எழுத்தில், 'தங்கையே பறித்த வாழ்வு'. கீழே பஸ் நிலையம், பதினோரு நாள், எல்லாம்.

"வருஷா வருஷம் அப்பா ஆத்துமாவுக்குன்னு பூசை கேட்டோமே. உயிரோட இருக்கிற மனுஷனுக்காம்மா? நீகூட என்கிட்ட பொய்தானா?"

அவள் மகள் கையிலிருந்து மலரை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் துணியக்கா மலரைச் சுருட்டிப் பிடித்தபடி சிஸ்டரின் அறைக்குப் போனாள்.

"உங்க பேர் போடலியேம்மா," என்றார் சிஸ்டர்.

"மூஞ்சியைப் போட்டிருக்கீங்களே."

"இதைப் படிச்சிட்டு எத்தனை பேர் உதவ வந்திருக்காங்க தெரியுமா? நல்லதுக்குத்தாம்மா செஞ்சேன்."

"நான் உங்ககிட்டதான் சொன்னேன், சிஸ்டர். ஊருகிட்ட சொல்லல."

சிஸ்டர் தலை குனிந்தார். மிச்சமிருந்த பிரதிகளை அள்ளி அலமாரியில் வைத்துப் பூட்டினார். கொட்டின பாலை அள்ள முடியுமா? துணியக்கா துணியறைச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

ஒன்பது நாள் இல்லத்துப் பக்கமே போகவில்லை. மகள் வீட்டில் இருந்தும் இல்லாதவள் மாதிரி வந்து போனாள். பத்தாம் நாள் சமையற்காரம்மா வந்து, "துணியைக் குவிச்சுப் போட்டு எடுத்துக்கோன்னு விடுறாங்கடி. ஆளாளுக்கு அடிச்சுக்கிறாங்க" என்றாள். துணியக்கா எழுந்து முகம் கழுவிக்கொண்டு கிளம்பினாள்.

வேலை பழையபடி நடந்தது, கதவைச் சாத்திக்கொண்டு. சிஸ்டர் டீ கொண்டுவந்தால், "வச்சிட்டுப் போங்க" என்பதோடு சரி. மகள் மாதக்கணக்கில் முறைத்துக்கொண்டே இருந்துவிட்டு, ஒரு மத்தியானம் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்தப் பதினோரு நாளும் எனக்கு என்னம்மா குடுத்த?"

அவள் சொன்னாள். ஒன்று விடாமல் சொன்னாள்.

அடுத்த வருடம் சிஸ்டருக்கு வேறு மடத்துக்கு மாற்றல் வந்தது. கிளம்பும் முன் துணியறை வாசலில் வந்து நின்றார், ஏதோ ஒரு வார்த்தைக்குக் காத்திருப்பவர் போல. துணியக்கா மரியாதைக்கு எழுந்து நின்றாள். "போயிட்டு வாங்க, சிஸ்டர்" என்றாள். மன்னித்துவிட்டேன் என்று சேர்த்துச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.