ஊம் கொட்டிய மண்

லோகநாயகி அக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் மாசாய் ஊரில் ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடையில் மீன் ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மீன் என் கதைக்குள் இருந்தது. வாலை நான் இந்தக் கரையில் பிடித்திருக்கிறேன், தலை சிங்கப்பூரில் கிடக்கிறது, அதற்குக் கடப்பிதழ் கேட்கலாமா கூடாதா என்று அங்கே அதிகாரிகள் கூட்டம் போட்டிருக்கிறார்கள். அந்தக் கட்டத்தில் மேசைமேல் இருந்த கைப்பேசி அதிர்ந்தது. தகர மேசை முழுவதும் ‘ஊம்’ என்றது. அது என் உள்ளங்கையில் நுழைந்து முழங்கை வரை ஏறியது. எடுத்துப் பார்க்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

அக்காவின் மகள் தர்ஷினி அனுப்பியிருந்தாள். “அம்மா போயிட்டாங்க அங்கிள். தூக்கத்துலயே.”

அக்காவோடு ஆலையில் வேலை பார்த்த தோழர்களே, உங்களுக்கு என்னைத் தெரியும். மாரி அங்கிளின் வாயிலிருந்து புறப்படும் யானை வீடு போய்ச் சேர்வதற்குள் பூனையாகிவிடும் என்று நீங்கள் பேசிக்கொள்வதும் தெரியும். இன்றைக்கு இந்த அஞ்சலிக்கு நான் பூனையை மட்டும்தான் கொண்டுவந்திருக்கிறேன். ஆனால் அது கறுப்புப் பூனை.

அக்கா இயந்திரப் பராமரிப்பில் இருந்தார், நான் சாமான் கிடங்கில். அவருடைய ஆயுதம் நீளமான ஒரு ஸ்குரூடிரைவர். அதன் முனையை ஓடுகிற மோட்டாரின் பேரிங் மூடியில் வைப்பார், பிடியைக் காதோரம் எலும்பில் அழுத்துவார், கண்ணை மூடுவார். அந்த நேரத்தில் பாசிர் கூடாங் துறைமுகமே மூச்சை அடக்கும், கப்பல்கள் அலையிடம் “சும்மா இரு” என்று சொல்லும். ஒருமுறை பெரிய பம்பு ஒன்றைக் கேட்டுவிட்டு, “இது அழுவுது, நிறுத்துங்க” என்றார். பூனைக்குட்டி போலக் குர்ரென்று ஓடுகிற பம்பை ஏன் நிறுத்த வேண்டும் என்று எல்லாரும் முணுமுணுத்தோம். பிரித்துப் பார்த்தால் பேரிங்கில் முடி அளவு விரிசல். எப்படிக்கா கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன்.

“சத்தம் புதுசாப் பொறக்குறதில்ல மாரி. அது முன்னாடியே வந்து உக்காந்திருக்கும். நாமதான் லேட்டா வருவோம்.”

பிறகு ஒருநாள் கேண்டீனில் மீ கோரேங் தின்றுகொண்டிருந்தவர் கரண்டியைக் கீழே வைத்தார். “உனக்குக் கேக்குதா? யாரோ ஊம் கொட்டுறாங்க.”

“எனக்கு உங்க மீ கோரேங்கோட குரல் மட்டும்தான் கேக்குது. மாரிகிட்ட குடுத்துருன்னு கெஞ்சுது.”

அவர் சிரிக்கவில்லை. கதை சொல்லும்போது எதிரில் இருப்பவர் ‘ஊம்… ஊம்…’ என்பாரே, அப்படி ஒரு சத்தம், பல வாரங்களாக. மருத்துவர் காதில் குறையில்லை என்றார். தர்ஷினி கோயிலுக்குப் போய்க் கயிறு கட்டிவிடலாம் என்றாள்.

“கட்டிக்கிறேன்மா, கயிறு ஒண்ணும் கடிக்காது,” என்றார் அக்கா. “ஆனா அது வெளிய இருக்கா, என் தலைக்குள்ள இருக்கான்னு எனக்கு முதல்ல தெரியணும். தலைக்குள்ளன்னா நாளைக்கே வேலைய விட்டுருவேன். என் காத நம்பித்தான் ஆளுங்க மெஷின் பக்கத்துல நிக்கிறாங்க.”

அதற்கு இன்னொரு காது தேவைப்பட்டது. அவர் தேர்ந்தெடுத்தது என்னை! ஜொகூர் மாநிலத்தின் தலைசிறந்த பொய்யனை எதற்காகச் சாட்சிக்குக் கூப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன்.

“மத்தவங்க மனசு நோகக் கூடாதுன்னு ‘ஆமாக்கா, கேக்குது’ம்பாங்க. அது பொய்யா நெசமான்னு எனக்குத் தெரியாது. நீ பொய் சொன்னா உன் இடது காது ஆடும். அவ்வளவு நல்ல மீட்டர் கடையில கூடக் கிடைக்காது லா.”

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டேன். ஆமாம், கல்யாணம் ஆன நாளிலிருந்தே ஆடுகிறதே என்றாள். இத்தனை வருடம் அவள் என்னை ஆண்ட இரகசியம் அன்றுதான் விளங்கியது.

விடுமுறை நாள்களில் என் காரில் சத்தத்தைத் தேடிப் போனோம். கெலாங் பாத்தா கடலோரத்தில் நான் உற்சாகமாக, “அக்கா, கேக்குது! சங்கு ஊதுற மாதிரி!” என்றேன். அவர் என் காதைப் பார்த்துவிட்டு, “வண்டிய எடு” என்றார். அங்கே அவருக்கே சத்தம் மெலிந்திருந்தது. வடக்கே போகப் போகக் கூடியது. கடைசியில் செடெனாக் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தின் மண்பாதையில் நிறுத்தச் சொன்னார்.

உச்சிப் பொழுது. வெளியே வெயில் தார்ச்சாலையை உருக்கிக்கொண்டிருந்தது. மட்டைகளுக்கு அடியில் மட்டும் சாயங்கால வெளிச்சம். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி வரிசைகள், நம்மைப் பார்த்தபடி. காற்று இல்லை. ஒரு குருவிகூட இல்லை என்பது சற்று நேரம் கழித்துத்தான் உறைத்தது.

அக்கா ஸ்குரூடிரைவரை மண்ணில் இறக்கிக் குனிந்து கேட்டார். பிறகு விலகி எனக்கு இடம் விட்டார். நான் முழங்காலிட்டுப் பிடியில் காதை வைத்தேன்.

முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் கடைவாய்ப் பற்களில் தொடங்கியது. தாழ்ந்த, பொறுமையான ஒரு ஊம்.

“பேசு,” என்றார் அக்கா.

“என்ன பேச?”

“உன் மீன் கதையச் சொல்லு.”

சொன்னேன். மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் ஊம். தொடர்ந்தேன். நிறுத்தினேன். ஊம். மீனின் தலை சிங்கப்பூர் போய்ச் சேர்ந்ததும் எனக்கு நா வறண்டுவிட்டது. நான் நிறுத்திய பிறகு அதுவும் நின்றது. தோழர்களே, மௌனத்தில் பல வகை உண்டு. இது, “அப்புறம்?” என்று காத்திருக்கும் மௌனம்.

“கேக்குதுக்கா,” என்றேன்.

அக்கா என் இடது காதையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு மட்டைக் குவியல்மேல் உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். “ஆடல,” என்றார். “வெளியதான் இருக்கு. ஆடல மாரி.”

அப்போது மோட்டார் சைக்கிளில் தோட்டத்துக் காவலாளி, ஜாகா, வந்தார். வயதான மலாய்க்காரர். எங்களையும் மண்ணில் நின்ற ஸ்குரூடிரைவரையும் பார்த்துவிட்டு மெதுவாக, “சுடா ஜும்பா, காக்?” என்று கேட்டார். தேடியது கிடைத்துவிட்டதா என்கிறார் என்று நினைத்தேன். உலகத்தையே கண்டுபிடித்த பெருமிதத்தோடு, “சுடா, பாக் சிக், சுடா!” என்றேன். அவர் முகத்திலிருந்து இரத்தமெல்லாம் வடிந்துபோனது போல் ஆயிற்று. உதடுகள் எதையோ ஓத, எங்களைத் திரும்பிப் பாராமல், வண்டியைக் கிளப்பாமலேயே சாலை வரை தள்ளிக்கொண்டு போனார்.

திரும்பும் வழியில் அக்கா கேட்டார்: “அவரு என்ன கேட்டாருன்னு நெனச்ச?”

“கிடைச்சிருச்சான்னு.”

“ஜும்பான்னா சந்திக்கிறதும்தானேடா. ‘பாத்துட்டீங்களா, அத?’ன்னு கேட்டாரு. நீ ஆமா ஆமான்னு கத்துன.”

குளிர்சாதனத்தை அணைத்தேன். குளிர் குறையவில்லை. குலாய் தாண்டிய பிறகு அவரே பேசினார்: “‘கண்டுபிடிப்பு’ங்கற நம்ம சொல்லும் லேசுப்பட்டதில்ல. கண்டு, பிடிப்பு. கண்டது நாம. பிடிச்சது யாரு?”

திங்கட்கிழமை வழக்கம்போல வேலைக்கு வந்தார். ஓய்வு பெறும் வரை அவர் காது தவறியதில்லை, அது உங்களுக்கே தெரியும். ஊம் மட்டும் கூடவே இருந்தது. “பழகிருச்சு,” என்பார். “சமைக்கும்போது அதுகிட்ட நாலு வார்த்த பேசுவேன். வீட்டுல வேற யாரு காது குடுத்துக் கேக்குறா?”

சில வருடங்களில் அந்தச் செம்பனைகளைச் சாய்த்தார்கள். அங்கே ஜன்னலே இல்லாத வெள்ளைக் கட்டடம் ஒன்று எழும்பியது. டேட்டா சென்டர். நாம் கைப்பேசியில் பேசுவது, எழுதுவது, தேடுவது எல்லாம் இந்த மாதிரி இடங்களில்தான் போய்த் தங்குமாம். போன வருடம் ஒரு மத்தியானம் தர்ஷினி எங்களை அந்த வழியாக அழைத்துப் போனாள். வேலியோரம் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினாள்.

ஊம்.

அதே சுருதி. கடைவாய்ப் பல்லில் அதே இடம். தர்ஷினி பின்னிருக்கைப் பக்கம் திரும்பினாள். “அம்மா, இதானே? இவ்வளவு நாளா இதானே?”

அக்கா கழுத்தை வெளியே நீட்டிக் கவனமாகக் கேட்டார். “எங்கடி? எனக்கு ஒண்ணும் கேக்கலியே.”

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அக்காவே சமாதானம் சொன்னார். வயதானால் சில சத்தங்கள் காதுக்கு எட்டாமல் போகும், மறுபடி மருத்துவரைப் பார்க்கலாம், உள்ளே குளிரூட்டும் காற்றாடிகள் ஓடுகின்றன, அதுதான் சத்தம். நானும் தலையாட்டினேன். காற்றாடிதான். ஆனால் அந்தக் காற்றாடி வருவதற்கு முன்பே, மரங்கள் நின்றபோதே, அதே சுருதியை நான் முழங்காலிட்டுக் கேட்டேனே?

கார் நகர்ந்ததும் பின்னிருக்கையிலிருந்து அவர் குரல் மட்டும் வந்தது. “ஊரே பேசுற இடத்துக்குப் போயிருச்சு. என் ஒருத்தி பேச்சு அதுக்குப் போதல போலிருக்கு.” அதில் சிரிப்பு இருந்தது. கொஞ்சம் ஏக்கமும் இருந்தது.

இறுதிச் சடங்கு முடிந்ததும் தர்ஷினி அந்த ஸ்குரூடிரைவரை என்னிடம் கொடுத்தாள். “அங்கிள், அம்மா சொல்லி வச்சிருந்தாங்க. மீட்டர் உங்ககிட்டதான் இருக்காம், இதும் உங்ககிட்டயே இருக்கட்டுமாம்.” பிடியில் ஒரு பக்கம் மட்டும் வழவழப்பாகத் தேய்ந்திருந்தது, ஒரு காதின் அளவுக்கு.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அதுவும், ஒரு புதுப் பழக்கமும். முன்பெல்லாம் நான் கதையை நிறுத்துவது கைதட்டலுக்காக. இப்போது நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறேன், யார் ஊம் கொட்டுகிறார்கள் என்று. நேற்று மத்தியானம் வீட்டில் யாரும் இல்லை. ஸ்குரூடிரைவரின் முனையைத் தரையில் ஊன்றிப் பிடியில் காதை வைத்து, இந்த அஞ்சலியை முதலிலிருந்து சொல்லிப் பார்த்தேன். “லோகாக்கா போயிட்டாங்க,” என்று சொல்லி நிறுத்தினேன்.

எழுந்துபோய்க் கண்ணாடி முன்னால் நின்று, “கேட்டுச்சு” என்றேன்.

காது ஆடவில்லை.