பத்து வாரம் வாயால் சுட்டது

1. மெமோ

1943 ஜூலை 12, திங்கட்கிழமை. அந்தத் தேதியிட்ட அலுவலக மெமோவின் கார்பன் நகல் இன்னும் என் கோப்பில் இருக்கிறது. எழுத்து மங்கிவிட்டது; ஆனால் வாசிக்க முடிகிறது.

'வேன் கார்டு சவரிமுத்து (தற்காலிகம்), செப்டம்பர் 19 ஞாயிறு நடக்கவிருக்கும் ரிவால்வர் போட்டியில் கலந்துகொண்டு, மானேஜர் திருப்திப்படும்படி சுட வேண்டும். சுட்டால் அன்றே நிரந்தரம். தவறினால் மாதக் கடைசியோடு பணி முடிவு. பயிற்சிக்கு லைசென்ஸ் குமாஸ்தா பொறுப்பு.'

லைசென்ஸ் குமாஸ்தா நான்தான். தியாகராய நகரில் ஒரு கட்டட கான்ட்ராக்ட் கம்பெனி. வாரக் கூலியை வேனில் வைத்து வேலை நடக்கும் இடங்களுக்கு அனுப்புவார்கள். வேனுக்குக் காவலாக ஒரு ஆள். அவன் இடுப்பில் ஒரு பாயின்ட் முப்பத்தெட்டு ரிவால்வர். அதன் லைசென்ஸைப் புதுப்பிப்பது, தோட்டா ரிஜிஸ்டர் எழுதுவது, எண்ணெய் போடச் சொல்லி நச்சரிப்பது என் வேலை. அதற்கு முன் நான் தபால் பிரிவில் ஸ்டாம்பு ஒட்டிக்கொண்டிருந்தேன். துப்பாக்கி பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், வாசகசாலையிலிருந்து எடுத்துவந்த ஒரு போலீஸ் பயிற்சிப் புத்தகத்தில் இருந்தது. அதை மூன்று முறை படித்தேன். படித்தவரை சரியாகவே படித்தேன் என்பதைப் பதிவு செய்கிறேன்.

சவரிமுத்து சாந்தோம்காரன். நான்கு வருஷமாகத் தற்காலிகம். மெமோவை அவனுக்கு வாசித்துக் காட்டியதும் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"ரைட்டரே, இது வேல மேட்டர் மட்டும் இல்ல. பொண்ணு நிச்சயமாயிடுச்சு. மாமனாரு இஸ்கூல் வாத்தியாரு. பெர்மனென்ட் ஆர்டர கண்ணால பாத்தாத்தான் கோயில்ல ஓலை வாசிக்க உடுவேன்னு சொல்லிக்கினு கீறாரு."

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் பெண், மாப்பிள்ளை பெயரை அறிவிப்பதைத்தான் கத்தோலிக்கர்கள் ஓலை வாசிப்பது என்பார்கள். ஆக என் பொறுப்பில் ஒரு ரிவால்வர், ஒரு வேலை, ஒரு கல்யாணம்.

2. பயிற்சி

யுத்த காலம். தோட்டா கிடைப்பதில்லை. எங்கள் பெட்டியில் இருந்த சிலவற்றைக் காவலுக்கென்று ஒதுக்கியதுபோக, போட்டிக்கு ஆறு தோட்டா மட்டும் தருவதாக மானேஜர் சொன்னார். பயிற்சிக்கு ஒன்றுகூட இல்லை. அதனால் காலித் துப்பாக்கியோடுதான் பயிற்சி.

அதிலும் ஒரு சிக்கல். காலி ரிவால்வரில் ட்ரிகரை இழுத்துக்கொண்டே இருந்தால் தோட்டாவை அடிக்கும் சுத்தியலின் முனை தேய்ந்து உடையும் என்று புத்தகம் சொன்னது. உடைந்தால் ஸ்பேர் வராது. ஆகவே நான் ஒரு விதி எழுதினேன். இந்த விதியை எழுதியவன் நான்தான், வேறு எவரும் இல்லை:

'பயிற்சியில் ட்ரிகரைத் தொடக் கூடாது. விரல் வெளியே, துப்பாக்கிச் சட்டத்தின் மேல் நீட்டி இருக்க வேண்டும். குறி சரியானதும் வாயால் டப் என்று சொல்ல வேண்டும்.'

சவரிமுத்து விதியைக் கேட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தான். "இன்னா ரைட்டரே, நெசமாவே வாயாலயா சுடணும்? மாமனாரு பாத்தாருன்னா பொண்ண உடு, பொண்ணோட போட்டோவக்கூட குடுக்க மாட்டாரு."

வேன் டிரைவர் காதர் பாய் பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார்: "நல்லதா போச்சு சவரி. உன் துப்பாக்கிக்குத் தோட்டா வேணாம். வெத்தல பாக்கு போட்டா போதும்."

அலுவலகத்தின் பின்னால் இருந்த சிமென்ட் கிடங்கில் தினமும் காலை ஏழு மணிக்குப் பயிற்சி. போட்டி நிஜமான காவல் வேலையைப் போலவே வைக்கப்பட்டிருந்தது. வேனின் படியிலிருந்து இறங்க வேண்டும். கதவின் மறைவுக்கு வர வேண்டும். உறையிலிருந்து ரிவால்வரை எடுக்க வேண்டும். பத்து தப்படி தூரத்தில் நிற்கும் மூன்று பலகைகளில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு குண்டு. நேரமும் பார்ப்பார்கள். காதர் பாய் கிண்டியில் குதிரை லாயத்தில் வேலை செய்த மைத்துனரிடம் ஒரு ஸ்டாப் வாட்ச் இரவல் வாங்கி வந்தார்.

முதல் வாரம் சவரிமுத்துவுக்குப் பத்தொன்பது செகண்டு. "என் மச்சான் குதிரை இந்நேரத்துக்குத் தொட்டில தண்ணி குடிச்சிகினு இருக்கும்" என்றார் காதர் பாய். அவசரப்பட்டு இழுத்ததால் உறையின் வார் ஒவ்வொரு முறையும் மாட்டிக்கொண்டது. வாரை விடுவித்து, பிடியை முழுசாகப் பிடித்து, பிறகு எடு என்று மூன்றாகப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தேன். மெதுவாக நூறு முறை. ஆகஸ்ட் மாத நடுவில் பன்னிரண்டு செகண்டு வந்தது. அவசரத்தைக் குறைத்ததால் நேரம் குறைந்தது. இது புத்தகத்தில் இருந்தது, நானும் நம்பாமல்தான் சொல்லிக்கொடுத்தேன்.

பாதுகாப்பில் நான் பேய் மாதிரி நின்றேன். கையில் எடுக்கும் எந்தத் துப்பாக்கியும் குண்டு போட்டதுதான், இப்போதுதான் நீயே காலி செய்திருந்தாலும். குழல் பலகைப் பக்கம் தவிர எங்கும் திரும்பக் கூடாது. சுட்டு முடித்ததும் அப்படியே நில். 'அன்லோடு, ஷோ கிளியர்' என்றால் தோட்டா போடும் உருளையைத் திறந்து காட்டு. 'ஹோல்ஸ்டர்' என்ற பிறகே உறை. சவரிமுத்து பத்து வாரத்தில் ஒருமுறைகூட இதில் தவறவில்லை. மதியம் சாப்பிடும்போது கரண்டியைக்கூடச் சுவர்ப் பக்கமாகவே பிடித்தான்.

ஒருநாள் மானேஜர் ராகவன் சார் மாடியிலிருந்து இறங்கி வந்தார். மயிலாப்பூர் வடக்கு மாட வீதிக்காரர். "என்ன ஓய் நடக்கறது கீழே? டப்பு டப்புன்னு! நான் டெண்டருக்கு ரேட் போட்டுண்டிருக்கேன். ஒவ்வொரு டப்புக்கும் ஒரு சைபர் கூடப் போட்டுடறேன்."

"பயிற்சி சார்."

"பயிற்சியா? ஆத்துல என் பேரன் இதையேதான் பண்ணிண்டிருக்கான். அவனுக்கு வயசு நாலு."

3. போட்டி

1943 செப்டம்பர் 19. ஈக்காட்டுத்தாங்கலில் செங்கல் சூளைக்கு மண் வெட்டிய பெரிய பள்ளம். மூன்று பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் மண்சுவர். முனையில் சிவப்புக் கொடி. முந்தின நாள் மழையால் அங்கங்கே சேறு. மூன்று கான்ட்ராக்ட் கம்பெனிகள், கம்பெனிக்கு ஒரு கார்டு, ஆளுக்கு ஆறு தோட்டா. நடுவர் ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் பாலசுந்தரம். பேச ஆரம்பிக்கும்போதே அவர் சொல்லிவிட்டார்: "குறி தவறினா புள்ளி போவும். குழல் தவறினா ஆளே போவான். பாதுகாப்புப் பிழை பண்ணினவன் அப்பவே அவுட்."

முதலில் தங்கவேலு. சினிமாவில் குதிரைக்காரர்கள் செய்வதையெல்லாம் செய்கிறவன் என்று பெயர். ஒன்பது செகண்டு, ஆறுக்கு ஆறு. கூட்டம் கை தட்டியது. கை தட்டலைக் கேட்டதும் அவனுக்கு என்ன தோன்றியதோ, ரிவால்வரை விரலில் மாட்டிப் பம்பரம் போலச் சுற்றினான். குழல் ஒரு சுற்றில் வானத்தையும், மறு சுற்றில் இன்ஸ்பெக்டரின் தொப்பையையும் பார்த்தது.

"அவுட்!" என்றார் இன்ஸ்பெக்டர். தரையில் படுத்துக்கொண்டு சொன்னார்.

அடுத்தவன் நாராயணசாமி. நான்கு குண்டு சரியாகப் போயிற்று. ஐந்தாவது வெடிக்கவில்லை. உடனே அவன் ரிவால்வரோடு கூட்டத்தின் பக்கம் திரும்பி, "சார், இத்த கொஞ்சம் இன்னான்னு பாருங்க" என்றான். நாங்கள் அத்தனை பேரும் படுத்தோம். எங்கள் மானேஜர் வெள்ளை வேட்டி, அங்கவஸ்திரத்தோடு சேற்றில் படுத்தார்.

"நீயும் அவுட்! பலகையைப் பாருடா, பலகையை!"

மிச்சம் சவரிமுத்து ஒருவன்தான். பிழை இல்லாமல் முடித்தாலே கோப்பை எங்களுக்கு. நான் அவன் காதருகே போய், "புள்ளியைப் பற்றி யோசிக்காதே. கிடங்கில் செய்ததை அப்படியே செய்" என்றேன். பத்து வாரத்தில் நான் சொன்னதிலேயே மோசமான வாக்கியம் அது.

இன்ஸ்பெக்டர் 'லோடு' என்றார். ஆறு தோட்டாவையும் போட்டான். வேன் படியில் ஏறி நின்றான். விசில் ஊதியது.

இறங்கினான். கதவு மறைவு. வார், பிடி, எடுப்பு. தண்ணீர் ஓடுவது போல வந்தது. கை ஆடவில்லை. விரல் சட்டத்தின் மேல் அழகாக நீண்டிருந்தது.

"டப், டப்" என்றான் முதல் பலகையைப் பார்த்து. "டப், டப்." "டப், டப்."

அப்படியே நின்றான். எல்லோரும் பலகைகளைப் பார்த்தோம். காதர் பாய் மட்டும் வாட்சைப் பார்த்து, "ஏழரை செகண்டு!" என்றார், பெருமையாக.

இன்ஸ்பெக்டர் நோட்டைப் பிரித்தார். "தம்பி, எப்ப ஆரம்பிக்கப் போற?"

"முட்ச்சிட்டேன் சார்."

"எதை?"

சவரிமுத்து பலகைகளைப் பார்த்தான். பிறகு தன் விரலைப் பார்த்தான். அப்போதும் குழல் அசையவில்லை.

"அன்லோடு, ஷோ கிளியர்" என்றார் இன்ஸ்பெக்டர். உருளையைத் திறந்தான். ஆறு தோட்டாவும் முழுசாக அவன் உள்ளங்கையில் விழுந்தன. இன்ஸ்பெக்டர் அவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு நோட்டில் எழுதிக்கொண்டே சத்தமாக வாசித்தார். "புள்ளி பூஜ்யம். பிழை பூஜ்யம். மத்த ரெண்டு பேரும் அவுட். கோப்பை இவனுக்கு."

மானேஜர் சேறு சொட்ட எழுந்து வந்தார். "கோப்பையை நான் என்ன பண்றது? ஆத்துல உப்புப் போட்டு வெச்சுக்கலாம். வேனை எப்படிய்யா இவனை நம்பி விடறது? திருடன் வந்தா டப்புன்னு சொல்லுவான், அவன் பயந்து ஓடிடுவானா?"

"நானா இருந்தா ஓடியிருப்பேன் சார்" என்றார் காதர் பாய். "பைத்தியம்னு நெனச்சு."

"மெமோ என்ன சொல்றது? நான் திருப்திப்படும்படி சுடணும். இவன் சுடவே இல்லை."

நான் முன்னால் போனேன். "சார், இது அவன் தப்பில்லை. ட்ரிகரைத் தொடாதே, வாயால் சொல்லு என்று விதி எழுதியவன் நான். பத்து வாரம் அவன் என் விதியைத்தான் பழகினான். இன்றைக்கும் அதையேதான் செய்தான்."

மானேஜர் என்னைப் பார்த்த பார்வையில் தபால் பிரிவும் ஸ்டாம்புப் பசையும் தெரிந்தன. அதற்குள் சவரிமுத்து உள்ளங்கையை நீட்டினான்.

"ஆறும் அப்டியே கீது சார். அவுங்க ரெண்டு பேருதும் பூடுச்சு. என்து ஒண்ணுகூட செலவாவல. இப்ப சுடட்டுமா?"

மானேஜர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். "போட்டி முடிஞ்சுது. கணக்கில சேராது" என்றார் இன்ஸ்பெக்டர். "ஆனா கொடி இன்னும் இறங்கல. சுடலாம்."

சவரிமுத்து மறுபடி படியேறினான். "விரலை உள்ளே கொண்டுபோ. வாயை மூடு" என்றேன். விசில் ஊதியது. இறங்கினான், ரிவால்வரை எடுத்தான், நின்றுவிட்டான். திரும்பாமல், பலகையைப் பார்த்தபடியே பேசினான். "ரைட்டரே, வாய மூடிக்கினா கையி வேல செய்ய மாட்டேங்குது."

"சரி, சொல்லிக்கொண்டே சுடு!"

அவன் சொன்னான். இந்த முறை ரிவால்வரும் சொன்னது. முதல் குண்டு வெடித்ததும் எனக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது. ரிஜிஸ்டரில் எத்தனையோ தோட்டா எழுதியிருக்கிறேன், ஒன்றுகூடப் பக்கத்தில் நின்று கேட்டதில்லை. ஆறு முறையும் வாய் ஒரு இம்மி முந்தியது, குண்டு பிந்தியது. முடித்ததும் அப்படியே நின்றான். காட்டச் சொன்னார்கள், காட்டினான். ஆறும் காலி.

மானேஜர் பலகைகளுக்குப் போய் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். துடைத்த அங்கவஸ்திரம் சேறாக இருந்ததால் மறுபடி துடைத்தார். பிறகு வேன் பானெட்டின் மேல் மெமோவை வைத்து, 'திருப்தி. இன்று முதல் நிரந்தரம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "வாயையும் சேத்து நிரந்தரமாக்கிட்டேன்னு நெனைச்சுக்காதே" என்றார்.

செப்டம்பர் 26, ஞாயிறு காலைப் பூசையில் முதல் ஓலை வாசிக்கப்பட்டது. நானும் காதர் பாயும் வாசலில் நின்று கேட்டோம்.

4. கற்றுக்கொண்டது

போட்டிக்கு மறுநாள் திங்கட்கிழமை என் விதியைச் சிவப்பு மையால் அடித்தேன். இப்போது எங்களிடம் சுட்டுத் தீர்ந்த ஆறு காலிக் கூடுகள் இருந்தன. அவற்றை உருளையில் போட்டுக்கொண்டால் சுத்தியலின் முனை கூட்டின் மேல் விழும், தேயாது. ட்ரிகரை நிஜமாகவே இழுத்துப் பழகலாம். இந்த யோசனை பத்து வாரம் முன்னால் எனக்கு வராததற்குக் காரணம், அப்போது எங்களிடம் காலிக் கூடு ஒன்றுகூட இல்லை என்பதே. காரணம் உண்மை, ஆனால் இன்ஸ்பெக்டருக்கு ஒரு தபால் கார்டு போட்டுக் கேட்டிருந்தால் நாலு கூடு இனாமாகக் கொடுத்திருப்பார். நான் கேட்கவில்லை, புத்தகம் போதும் என்று நினைத்தேன்.

இந்த வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். பயிற்சியில் நாம் மனத்தில் நினைப்பதைக் கை கற்றுக்கொள்வதில்லை, செய்வதைத்தான் கற்றுக்கொள்கிறது. சவரிமுத்து பாதுகாப்பைத் தினமும் செய்தான்; நெஞ்சு படபடத்த நேரத்திலும் அது வந்து நின்றது. சுடுவதை அவன் செய்யவே இல்லை, சொல்ல மட்டும் செய்தான். ஆகவே சொல் மட்டும் வந்தது. இரண்டில் ஒன்றுதான் வரும் என்றால் முதலாவது வரட்டும். அன்று அந்தப் பள்ளத்திலிருந்து எல்லோரும் நடந்து வீடு திரும்பினோம்.

ஒரு விவரம் பாக்கி. இரண்டாம் முறை எத்தனை குண்டு பட்டன என்பதில் பதிவுகள் முரண்படுகின்றன. என் குறிப்பேட்டில் ஆறு என்று இருக்கிறது. செப்டம்பர் 22 தேதியிட்டு இன்ஸ்பெக்டர் எழுதிய கடிதத்தில் ஐந்து என்று இருக்கிறது. மூன்றாவது பலகையின் ஓரத்தில் இருந்தது குண்டு துளைத்த ஓட்டை அல்ல, மரக்கணு கழன்று விழுந்த ஓட்டை என்பது அவர் கட்சி. பலகைகளை அன்று மாலையே சூளைக்காரர்கள் விறகுக்கு எடுத்துக்கொண்டார்கள். ஐந்தா ஆறா என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை.