பாக் தர்யாதி தன் வண்டியை விற்கப் போன கதை

இதை எழுதுகிறவன் தர்யாதியை முதன்முதலில் பார்த்தது கிளெடுங் கணவாய் ஏற்றத்தில். கல்யாணத்துக்குப் புறப்பட்ட எட்டுப் பேர் பூப்போட்ட பத்திக் சட்டையோடு ஒரு பழைய டீசல் வண்டியை மூச்சிரைக்கத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். தன் வம்சத்திலேயே முதல் பட்டதாரி, அன்றுதான் அந்த ஊர்ப் பள்ளியில் வாத்தியாராகச் சேரப் போகிறவன், அதாவது இதை எழுதுகிறவன், இஸ்திரி மடிப்பு கலையாமல் பைக்கை நிறுத்தினான்.

"என்ன படிச்சிருக்கீங்க, தம்பி?" ஸ்டியரிங்குக்குப் பின்னாலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்துக் கேட்டது.

"பொருளாதாரம்."

"அப்ப எஞ்சினைப் பத்தி ஒண்ணும் தெரியாது. தள்ளுங்க."

தள்ளினான். வண்டிக்கு உயிர் வந்து கக்கிய புகையில் வெள்ளைச் சட்டையிலும் பூ விழுந்தது. "இப்ப நீங்களும் பத்திக் போட்டாச்சு. பின்னாலேயே வாங்க, கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுப் போகலாம்" என்றது அந்தத் தலை. பள்ளிக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, அந்தத் தலைதான் அங்கே எழுத்தர், ஊரே மரியாதையாகப் பாக் தர்யாதி என்று கூப்பிடும் மனிதர் என்று.

தர்யாதிக்கு ஐம்பத்திரண்டு வயது. சிந்தோரோ மலைச்சரிவில் கையகலப் புகையிலை நிலம், பள்ளியில் ஒரு மேசை, வீட்டில் ருஸ்மினி என்கிற மனைவி, வாசலில் அந்த வண்டி. கல்யாணமோ சுன்னத்தோ, ஆஸ்பத்திரியோ, ஹஜ்ஜுக்குப் போகிறவரை வழியனுப்புவதோ, எதுவானாலும் தெருக்காரர்கள் தர்யாதி வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். அதில் அவருக்கு உள்ளூரப் பெருமை. வெளியே மட்டும் வேறு மாதிரி சொல்லுவார்.

"அவங்க வண்டியைத்தான் கூப்பிடறாங்க. வண்டிக்குத் தனியா வரத் தெரியாதேன்னு என்னையும் சேர்த்துக் கூப்பிடறாங்க."

சொல்லிவிட்டு எல்லோருக்கும் முன்னால் அவரே சிரிப்பார். ஆனால் அது வெறும் வேடிக்கையில்லை. வண்டி போய்விட்டால் தன்னை யார் தேடி வருவார்கள் என்ற கேள்வி சில நாளாகவே அவருக்கு இருந்தது.

காரணம், வண்டி போகிற நிலைக்கு வந்துவிட்டது. குளிர் காலையில் கிளப்புவதற்குள் தெருவே விழித்துவிடும். டீசலைக் குடித்த கையோடு ஆயிலையும் குடித்தது. அறுவடை முடிந்து வீட்டுக்கு வீடு மூங்கில் தட்டிகளில் நறுக்கின புகையிலை காய்கிற சமயம் அது. வண்டி கடந்துபோனால் பெண்கள் ஓடிவந்து தட்டியைத் தூக்குவார்கள். "பாக் தர்யாதி, நாங்க இன்னும் பத்த வைக்கவே இல்ல, அதுக்குள்ள புகைய விடறீங்களே!"

மெக்கானிக் ஜுமாலி ஒருநாள் காதை எஞ்சினோடு வைத்துக் கேட்டான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டான்.

"கம்ப்ரஷன் போச்சு, பாக். எஞ்சினை இறக்கணும். பிஸ்டன், ரிங்கு, சிலிண்டர் வேலை எல்லாம். பம்பையும் பார்க்கணும்."

"இறக்கினா பொழைக்குமா?"

"பொழைக்கும். நீங்க பொழைப்பீங்களான்னு வீட்ல கேட்டுக்குங்க."

வீட்டில் கேட்டார். புகையிலை விற்று வரப்போகும் பணத்தில் ருஸ்மினி பசு வாங்கத் தீர்மானித்திருந்தாள்.

"பசு கன்னு போடும், பால் குடுக்கும். உங்க வண்டி என்ன போடும்? புகை போடும்."

"சாணி போடாதுல்ல."

"தெருவெல்லாம் ஆயில் சொட்டுதே, அது என்னவாம்?"

இருபத்திரண்டு வருடத் தாம்பத்தியத்தில் தர்யாதி ஜெயித்த வாதம் ஒன்றுகூட இல்லை. விற்றுவிடலாம் என்று ஒப்புக்கொண்டார்.

பக்கத்து ஊரான பாராக்கானிலிருந்து ஹாஜி மஷுரி வண்டியைப் பார்க்க வந்தார். கூட்டம் கூட்டமாக மக்களை வண்டியில் ஏற்றி, மகான்களின் அடக்கத்தலங்களுக்கு யாத்திரை கூட்டிப்போகிறவர். மணக்க மணக்க மல்லிகைத் தேநீரும் சுடச்சுட மாவில் தோய்த்துப் பொரித்த தெம்பே என்கிற சோயா வில்லைகளும் வந்தன. "சாப்பிட ஒண்ணுமே இல்ல, மன்னிக்கணும்" என்றாள் ருஸ்மினி, நாலாவது தட்டை வைத்தபடி. மழை, புகையிலை விலை, யார் வீட்டில் யார் மாசமாக இருக்கிறாள் என்று அரை மணி நேரம் ஓடியது. வண்டிப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. எடுத்தால் அவசரக்காரன் என்று பெயர் வரும்.

கடைசியில் ஹாஜியே ஜன்னல் பக்கம் பார்த்தார். "அதுதானா வண்டி?"

"அய்யோ, அதை வண்டின்னு சொல்றதே வெக்கம், பாக் ஹாஜி. பழைய இரும்பு. ஒரேயடியாப் புகை."

எங்கள் பக்கம் தன் பொருளைத் தானே மெச்சுகிறவனை மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள். தர்யாதி வாயிலிருந்து அந்த வார்த்தை பழக்கத்தில்தான் வந்தது. வந்த பிறகு யோசித்தார்: அட, இது உண்மையாச்சே! வாழ்நாளில் முதல் தடவையாக மரியாதையும் உண்மையும் ஒரே வாக்கியத்தில் வந்து உட்கார்ந்ததில் அவருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. தடுக்க ஆளில்லாமல் எல்லாவற்றையும் கொட்டினார். ஆயில் குடிக்கும் கதை, குளிரில் கிளம்பாத கதை, கம்ப்ரஷன், ஏற்றத்தில் எட்டுப் பேர் தள்ளிய கதை.

அவர் சொல்லச் சொல்ல ஹாஜியின் முகம் மலர்ந்தது. "இந்தக் காலத்துல இப்படி ஒரு பணிவா! வண்டி ராஜா மாதிரி இருக்கும்போல."

"இல்லைங்க, நிஜமாவே..."

"புரியுது, புரியுது. ஒரு ரவுண்டு போயிட்டு வரலாமா?"

போனார்கள். கணவாய் ஏற்றத்தில் எப்போதும் முனகுகிற இடத்தில் வண்டி முனகவில்லை. கண்ணாடியில் பார்த்தார், பின்னால் புகையையும் காணோம். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் அடங்கி உட்கார்ந்த வாயாடிப் பெண் மாதிரி அது நடந்துகொண்டது. தர்யாதிக்கு வியர்த்தது. காலையில் ஜுமாலி வந்து, "பார்க்க வர்றாங்களாமே, சும்மா ஒரு ஆயில் மாத்தி விடறேன்" என்று சொன்னது ஞாபகம் வந்தது. கெட்டி ஆயில்! நாலைந்து நாளைக்குப் புகையை அடக்கி வைக்கும். அப்புறம் மொத்தமாகச் சேர்த்துக் கக்கும்.

"பாருங்க, புகையே இல்ல!" ஹாஜி தொடையில் தட்டிக்கொண்டார். "அடுத்த வாரமே முப்பது பேர் கிளம்பறாங்க. வயசானவங்கதான் பாதி. ஒன்பது பேரை இதுல ஏத்திடலாம்."

"வேண்டாங்க. எஞ்சின் உயிர் போற நிலைமைல இருக்கு."

"இன்னும் பணிவா? போதும் பாக், என்னை வெக்கப்பட வைக்காதீங்க."

உண்மையைச் சொல்லியே ஒரு மனிதரை ஏமாற்ற முடியும் என்று தர்யாதி எந்தப் பள்ளிக்கூடத்திலும் படித்ததில்லை. பேசாமல் இருந்தால் போதும். பசு வரும், வீட்டில் சமாதானம் வரும். ஒன்பது கிழங்கள் மட்டும் எங்கேயோ ஒரு மலைப்பாதையில் இறங்கித் தள்ளிக்கொண்டிருப்பார்கள். வண்டியை ஓரம் கட்டினார்.

"யோவ் ஹாஜி!" என்றார். பெரியவர்களிடம் யாரும் பேசாத பேச்சு அது. அவர் காதுக்கே கேட்கச் சகிக்கவில்லை. "இது மரியாதைக்குச் சொல்றதில்லய்யா. எஞ்சின் செத்துப்போச்சு. ஜுமாலி கெட்டி ஆயிலை ஊத்தி ஜோடிச்சு வச்சிருக்கான். ஒனக்கு விக்க மாட்டேன், போ!"

ஹாஜி தொப்பியைச் சரிசெய்துகொண்டு, பஸ் நிற்கும் இடத்தில் இறக்கிவிடச் சொன்னார். இறங்கும்போது சலாம் சொன்னது காற்றில் கேட்டும் கேட்காமலும் போனது.

விஷயத்தைக் கேட்ட ருஸ்மினி அடுப்படியிலிருந்து எழுந்திருக்கவில்லை. "இருபத்திரண்டு வருஷத்துல ஒரே ஒரு ஆள்கிட்ட மனசுல இருக்கறதப் பட்டுனு சொன்னீங்க. அதுவும் கைல பணத்தோட வந்தவர்கிட்ட."

"எனக்கு எப்பவுமே நேரம் பார்த்துப் பேச வராது."

பாராக்கான் முழுக்கக் கதை பரவியது. இனி வண்டியை யார் கேட்பார்கள்? ரிப்பேரா, காயலான் கடையா என்ற பழைய இடத்திலேயே தர்யாதி மறுபடி வந்து நின்றார். அந்த வாரம் ஆயில் தன் வேலையை முடித்துக்கொண்டு, தெருவில் காய்ந்த அத்தனை தட்டி மேலும் ஒரேயடியாகக் கறுப்புப் பூசியது.

மூன்று வாரம் கழித்து ஹாஜி மறுபடி வந்தார். தர்யாதி தேநீர்க் குவளையை நீட்டினார்.

"வண்டிக்காக வரல" என்றார் ஹாஜி. "வேற வேன் வாங்கிட்டேன். அதுக்கு ஆள் வேணும். இது ஓடும், இது ஓடாதுன்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்ற டிரைவர் இந்த மலைல ஒருத்தர்தான் இருக்கார்."

 வண்டி இல்லாமல் தர்யாதியை மட்டும் ஒருவர் கூப்பிடுவது அதுதான் முதல் தடவை. வாய் பழக்கத்தில் ஓடியது: "நான் என்னங்க பெரிய டிரைவர்..."

"இருங்க. இது மரியாதையா, நிஜமா?"

"பாதி பாதி" என்றார் தர்யாதி.

அன்று சாயங்காலமே ஜுமாலியிடம் போய், எஞ்சினை இறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கழற்ற முடிந்ததைக் கழற்றிக்கொண்டு மிச்சத்தை எடைக்குப் போடச் சொன்னார். ஜுமாலி கழற்ற ஆரம்பித்தபோது அவர் பக்கத்தில் நிற்கவில்லை. வயலில் வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். அறுவடை முடிந்த வயலில் என்ன வேலை என்று ருஸ்மினி கேட்கவில்லை.

இப்போது தர்யாதி சனி, ஞாயிறுகளில் ஹாஜியின் வேனை ஓட்டுகிறார். மற்ற நாட்களில் பள்ளி எழுத்தர்தான். தெருக்காரர்கள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் வண்டியில் போய்க்கொள்கிறார்கள். சிலர் அவரையும் கூப்பிடுகிறார்கள், சிலர் மறந்துவிடுகிறார்கள். வண்டி நின்ற இடத்தில் ருஸ்மினி கொட்டகை போட்டுப் பசு கட்டியிருக்கிறாள். அது இன்னும் கன்று போடவில்லை.